பச்சைமலை அடிவாரம் முதல் கே.ஜி.எஃப் வரை: தோண்டி முடித்த ஊருக்கு டூர் போகலாமா?

சனிக்கிழமை விடியற்காலையில் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று பாருங்கள். முதுகில் பை, ஹேண்டிலில் மொபைல் ஹோல்டர் என்று நாலைந்து பைக் சேர்ந்து நின்றால், பெரும்பாலும் பச்சைமலைதான். துறையூர், உப்பிலியபுரம், சோபனபுரம், அப்புறம் வளைவு வளைவா ஏறி டாப் செங்காட்டுப்பட்டி. மங்களம் அருவியில் தண்ணீர் இருந்தால் குளியல், இல்லையென்றால் வியூ பாயின்ட்டில் ரீல்ஸ். சீசன் என்றால் ஒரு பலாப்பழம். இருட்டுவதற்குள் வீடு.

நானும் அப்படித்தான் பல தடவை போய் வந்திருக்கிறேன். மலையின் கிழக்குப் பக்கம் பெரம்பலூர் திசையில் தட்டையாகத் தெரியும் நிலத்தை ஒருமுறைகூட உற்றுப் பார்த்ததில்லை. வெயில், மக்காச்சோளம், பருத்தி, நடுவில் சென்னை நெடுஞ்சாலை. அதில் பார்க்க என்ன இருக்கு என்றுதான் தோணும்.

அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. சும்மா அடித்துவிடவில்லை. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேஷியஸ் காலத்தில், இன்றைக்குப் பாடாலூர், ஊட்டத்தூர் இருக்கும் பக்கம் வரைக்கும் கடல் ஏறி வந்து, கோடிக்கணக்கான வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனது. போகும்போது சிப்பி, நத்தை, பவளம் எல்லாவற்றையும் விட்டுப் போனது. அதுதான் சுண்ணாம்புக்கல். அந்தச் சுண்ணாம்புக்கல்தான் டால்மியாபுரம், அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குத் தீனி. நீங்கள் இப்போது உட்கார்ந்து இதைப் படிக்கிற வீட்டின் தூணில்கூட அந்தக் கடல் கொஞ்சம் இருக்கலாம்.

இந்தப் பகுதிக்கு இப்போது மெல்ல ஒரு கூட்டம் வர ஆரம்பித்திருக்கிறது. பாடாலூரில் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் காரை. மரமே இல்லாமல், மழைநீர் அரித்து அரித்துக் கீறிப்போட்ட சாம்பல் நிற மேடு பள்ளம். மாலை வெயிலில் போனில் படம் எடுத்தால் எந்த நாடு என்று கேட்பார்கள். ‘நம்ம ஊரு கிராண்ட் கேன்யன்’ என்று கேப்ஷன் போட்டுவிடுகிறார்கள். அந்தக் களிமண்ணில் குறுக்கும் நெடுக்குமாகப் பளபளவென்று ஓடும் கோடுகள் ஜிப்சம். சிமென்ட்டுக்கு அதுவும் வேண்டும் என்பதால் இந்தப் பக்கம் ஜிப்சமும் தோண்டியிருக்கிறார்கள். ஆக, நீங்கள் ‘இயற்கை’ என்று நினைத்து நிற்கும் பள்ளத்தில் சில இடங்கள் மழை செய்தவை, சில இடங்கள் கடப்பாரை செய்தவை.

காரை-குளக்காநத்தம் பகுதியின் இந்த நிலத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பக்கத்தில் சாத்தனூர் கல்மரமும் அப்படித்தான். 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் என்ற புவியியல் அறிஞர் உலகத்துக்குச் சொன்ன மரம். 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருக்கிறது. அதற்கு வேலி இருக்கிறது, சின்னப் பூங்கா இருக்கிறது. காரையில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வேலி இல்லை.

பிரச்னை இங்கேதான் ஆரம்பிக்கிறது. காரையில் தரையைப் பார்த்து நடந்தாலே பென்சில் முனை மாதிரி ஒரு கல் கிடைக்கும். அது பெலம்னைட், கணவாய் மீனுக்குச் சொந்தக்கார உயிரினத்தின் மிச்சம். சுருண்ட நத்தை மாதிரி இருந்தால் அம்மோனைட். ஒன்றை எடுத்துப் பாக்கெட்டில் போட்டால் என்ன ஆகிவிடும் என்று தோணும். எனக்கும் தோணியது, கையிலும் எடுத்தேன், கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் கீழே போட்டேன். ஒரு பைக் குரூப் ஆளுக்கு ஒன்று எடுத்தால், வாரம் பத்து குரூப் வந்தால், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு புதைபடிவம் எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் கதையே இருக்கு. உங்கள் ஷோகேஸுக்கு வந்துவிட்டால் அது வெறும் கல்.

இதைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் புவிமரபுத் தலங்களுக்கான வரைவு மசோதா ஒன்றை வெளியிட்டது. எல்லா அதிகாரத்தையும் புவியியல் ஆய்வுத் துறை கையிலேயே குவிக்கிறது என்று ஆராய்ச்சியாளர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இன்னொரு முரணும் உண்டு. சுரங்கம் தோண்ட வழி செய்கிற அமைச்சகமேதான் தோண்டக் கூடாத இடத்தையும் காப்பாற்ற வேண்டும்.

சரி, கல்லை விடுங்கள். ஊரைப் பார்ப்போம்.

காரையில் இருந்து தெற்கே, லால்குடி-அரியலூர் சாலையில் கல்லக்குடி. இந்தப் பெயரைக் கேட்டதும் ரயில் தண்டவாளம்தானே ஞாபகம் வருது? 1939-ல் டால்மியா குழுமம் இங்கே சிமென்ட் ஆலை தொடங்கியது. ஊரே டால்மியாபுரம் ஆனது, ஸ்டேஷன் பலகையும் அப்படியே. 1953 ஜூலை 15-ல் அந்தப் பலகையின் மேல் ‘கல்லக்குடி’ என்று ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தார் கருணாநிதி. கைது, துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு, சிறை. அண்ணா ஆட்சிக்கு வந்த பிறகுதான் பலகை மாறியது. இன்றைக்கு ஸ்டேஷனின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம்.

தமிழ்நாட்டு அரசியலில் ஒரு திருப்பமே நடந்த இடம். ஆனால் அந்த ஊர் ஏன் இன்னொருவர் பெயருக்கு மாறியது, அங்கே கல் உடைத்தவர்கள் யார், அவர்கள் நுரையீரலில் எவ்வளவு தூசி போனது என்று யாரும் கதை சொல்வதில்லை. போராட்டக் கதையில் தலைவர்தான் இருக்கிறார். புவியியல் பாடத்தில் பவளப்பாறைதான் இருக்கிறது. குவாரித் தொழிலாளிக்கு இரண்டிலும் இடமில்லை.

ஆலை இன்னமும் ஓடுகிறது. எனவே இதை முழுக்க ‘முன்னாள்’ சுரங்க ஊர் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த வட்டாரம் முழுக்கக் கல் தீர்ந்துபோன குழிகள் இருக்கின்றன. மழைநீர் தேங்கிப் பச்சை, நீலம் என்று விளம்பரப் படம் மாதிரி மின்னும். தயவுசெய்து அதில் இறங்காதீர்கள். ஏரி என்றால் கரை சரிந்து சரிந்துதான் ஆழமாகும். குவாரி செங்குத்தாக வெட்டியது. முதல் அடி முழங்கால், அடுத்த அடி நாற்பதடியாக இருக்கலாம். ஏறி வரப் படி கிடையாது. கோடை விடுமுறையில் ‘குவாரி குட்டையில் மூழ்கி மாணவர்கள் பலி’ என்று தலைப்பு வைக்காத வருஷம் எங்கள் டெஸ்கில் ஒன்றுகூட இல்லை.

கல் முழுசாகத் தீர்ந்த பிறகு ஒரு ஊர் என்ன ஆகும்? அதைத் தெரிந்துகொள்ள இந்தச் சமவெளியை விட்டு வெளியே போக வேண்டும். தமிழர்களுக்கு நெருக்கமான பதில் கர்நாடகத்தில் இருக்கிறது. கோலார் தங்கவயல்.

‘கே.ஜி.எஃப்’ என்றதும் ராக்கி பாய் மியூசிக் காதில் கேட்டால் உங்கள் தப்பில்லை. படம் வந்த பிறகு அந்த சயனைடு மேடுகளில் போஸ் கொடுக்கவே பெங்களூருவில் இருந்து பைக்கில் வருகிறவர்கள் உண்டு. அந்த மேடு என்ன தெரியுமா? பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு. அப்படி 13 குவியல்கள். காற்று பலமாக அடித்தால் அந்தத் தூள் கீழே இருக்கிற வீடுகளுக்குள்தான் போகும். நாம் ஸ்லோ மோஷன் எடுக்கும் தூசி, அங்கே ஒருவர் வீட்டுச் சோற்றில் விழுகிற தூசி.

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் வந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து பஞ்சத்திலும் சாதிக் கொடுமையிலும் நொந்த மக்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பெரும்பாலும் தலித் தமிழர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. உலகின் ஆழமான தங்கச் சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் பாறை சூட்டில் கொதிக்கும், திடீரென்று வெடிக்கும். 1902-ல் சிவசமுத்திரத்தில் இருந்து மின்சாரம் வந்தது, பெங்களூரு தெருவுக்கு விளக்கு வருவதற்கு முன்னாடியே. ஆனால் வந்தது இயந்திரத்துக்கு. தொழிலாளி தகர லைன் வீட்டில்தான் இருந்தார்.

இது வரைக்கும் ‘பாவம்’ என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய கதை. ஆனால் தங்கவயல் பாவப்பட்ட ஊர் மட்டும் இல்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் நின்றுபோன பிறகு, 1926-ல் சாம்பியன் ரீஃபில் இருந்துதான் ஜி.அப்பாதுரையார் அதை மறுபடி கொண்டுவந்தார். பகலில் பாதாளத்தில் இறங்கியவர்கள், சாயங்காலம் பத்திரிகை படித்து விவாதித்திருக்கிறார்கள். 1930-ல் நிர்வாகம் கைரேகை பதியச் சொன்னபோது, ‘நாங்கள் என்ன குற்றப் பரம்பரையா’ என்ற கோபத்தில் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றைக்கு ஒவ்வொரு ஆப்புக்கும் யோசிக்காமல் கட்டை விரலை வைக்கிற நமக்கு இது கொஞ்சம் சுருக்கென்று இருக்க வேண்டும். 1965-ல் அதே சுரங்கத்தின் ஆழத்தில் விஞ்ஞானிகள் காஸ்மிக் கதிர்களால் உருவாகும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்தார்கள். உலகத்திலேயே அந்த வகையில் ஆரம்பகாலக் கண்டுபிடிப்பு அது.

2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. பம்புகள் நின்றன, சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறியது. பாக்கித் தொகைக்காகவும் குடியிருந்த வீட்டின் உரிமைக்காகவும் வருஷக்கணக்கில் போராட்டம். பிள்ளைகள் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருவுக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். பங்காருப்பேட்டையில் இருந்து மாரிக்குப்பம் போகும் அந்தக் கிளைப் பாதையில் கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் என்று ஸ்டேஷன் பெயர்களே சுரங்கத்தைச் சொல்லும்.

சுரங்க ஊர் டூரிஸம் அங்கே வந்தால் இந்த மக்களுக்கு ஏதாவது கிடைக்குமா? கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நேரம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த 13 குவியல்களில் மிச்சம் இருக்கும் தங்கத்தை மறுபடி எடுக்க, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை மத்திய அரசுக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறது. சுமார் 1,000 ஏக்கர். வேலை வரும் என்று ஊரில் எதிர்பார்ப்பு. அதில் தப்பு சொல்ல நாம் யார்? வந்து போகிறவருக்கு அது நினைவுச் சின்னம், அங்கே இருப்பவருக்கு அது சாப்பாடு அல்லது தூசி. ஆனால் மேட்டைக் கரைப்பதற்கு முன்னால், கீழே இறங்கிய கடைசித் தலைமுறையின் நினைவைப் பதிவு செய்ய வேண்டாமா? 2001-ல் 45 வயதில் இருந்தவருக்கு இன்று 70-ஐத் தொடும் வயது.

இதை ஒழுங்காகச் செய்த ஊர் ஒன்று உண்டு. வேல்ஸ் நாட்டில் பிளைனாவன். அங்கே ‘பிக் பிட்’ நிலக்கரிச் சுரங்கம் 1980-ல் மூடியது, 1983-ல் மியூசியமாகத் திறந்தது. லிஃப்ட்டில் 90 மீட்டர் கீழே கூட்டிப்போய்க் கதை சொல்வது ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளி. இறங்கும் முன் உங்கள் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், நிலக்கரிச் சுரங்கப் பாதுகாப்பு விதி அப்படி. ரீல்ஸ் இல்லாமலும் கூட்டம் வருகிறது. 2000-ல் அந்த வட்டாரமே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தங்கவயலில் தண்ணீர் நிரம்பிய சுரங்கத்துக்குள் இறங்குவது நடக்காது. ஆனால் மேலே நின்று கதை சொல்ல ஆள் இருக்கிறார், அவருக்குச் சம்பளம் கொடுக்க ஏற்பாடுதான் இல்லை.

திருச்சிப் பக்கத்துக்கு இது இன்னும் சுலபம். சாத்தனூரில் பூங்கா இருக்கிறது, அரியலூர் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஊட்டத்தூரில் சுத்தரத்தினேஸ்வரர் கோயில். கருடமங்கலம் சிப்பிக்கல்லுக்கு ஆங்கிலேயர் வைத்த ‘டிரிச்சினோபோலி மார்பிள்’ என்ற பேர்கூட ரெடி. எல்லாமே ஒரு பைக் டேங்க் பெட்ரோல் தூரத்தில். இல்லாதது காரையில் ஒரு காவலரும், குவாரி வேலை பார்த்துப் பேசத் தெரிந்த உள்ளூர் வழிகாட்டிகளும்தான். அருவிக்குக் கார் பார்க்கிங் கட்டும் செலவைவிட இது குறைவாகத்தான் இருக்கும்.

அடுத்த வாரம் பச்சைமலை பிளான் இருந்தால், மறுநாளையும் சேர்த்து லீவு போடுங்கள். முதல் நாள் மலை. மறுநாள் காலை வெயில் ஏறும் முன் காரை, அப்புறம் சாத்தனூர், மதியம் வாரணவாசி. திங்கள்கிழமை என்றால் திறந்திருக்கிறதா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். காரையில் நிழலே கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டாம், அந்தக் களிமண் ஷூவை விடாது. பாடாலூரில் டீ குடிக்கும்போது பக்கத்து பெஞ்சில் வயதானவர் யாராவது இருந்தால், ‘ஐயா, நீங்க குவாரி வேலைக்குப் போயிருக்கீங்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். போனை எடுக்கும் முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.