நகல் எடுத்த பிறகே புதுப்பிப்பு!



முன்பெல்லாம் பேரேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகே கடையை அடைப்போம். இன்று பற்று வரவு, சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அதற்குப் பூட்டு எங்கே?

'அப்டேட்' என்று திரையில் வந்ததும் யோசிக்காமல் அமுக்கிவிடுகிறோம். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனம் அதைச் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தது. அதற்காகப் புதுப்பிக்காமலே இருப்பதும் தவறு. வைரசுக்குக் கதவைத் திறந்து வைத்தது போலாகும்.

ஜி.எஸ்.டி. சட்டம் 36-வது பிரிவுப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். "அழிந்துவிட்டது" என்று அதிகாரியிடம் சொல்ல முடியுமா? கணக்கைக் காட்டாமல் பாக்கிதான் வசூலாகுமா?

பில் போடும் மென்பொருளில் பேக்கப் எடுத்துப் பென் டிரைவில் பதியுங்கள். இன்னொரு நகலை வேறிடத்தில் வையுங்கள். நகல் திறக்கிறதா என்று வேறு கம்ப்யூட்டரில் பாருங்கள். டிரைவைக் கழற்றிய பிறகே புதுப்பியுங்கள். பண்டிகை வியாபார நாட்களில் மட்டும் வேண்டாம்.

கம்ப்யூட்டர் போட்டுத் தந்தவர் பார்த்துக்கொள்வார் என்றிருக்க வேண்டாம். பாக்கி நம்முடையது, பொறுப்பும் நம்முடையதே.