எந்த ஊர்க் கோர்ட்டில் நியாயம்?

சமயநல்லூர் ரயிலடிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு மில் தொழிலாளியின் மகளை எண்ணிப் பாருங்கள். கடன் வாங்கிப் படிக்க வைத்தார் தகப்பனார். வெளிநாட்டில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டாள். அங்கே ஒரு குழந்தையும் பிறந்தது. சில வருஷங்களில் அடியும் வசவும் பொறுக்க முடியாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு வந்து சேர்ந்தாள். கொஞ்ச நாளில் அந்நிய நாட்டுக் கோர்ட்டிலிருந்து உத்தரவு வருகிறது: "குழந்தையைத் திருப்பிக் கொண்டுவா."

இந்த வழக்கை விசாரிக்க வேண்டியது யார்? மதுரைக் குடும்பநலக் கோர்ட்டா, கடலுக்கு அப்பால் உள்ள கோர்ட்டா?

இவள் நாம் உதாரணத்துக்குச் சொன்ன பெண். ஆனால் கேள்வி உதாரணத்துக்குச் சொன்னதல்ல. நம் நாட்டுக் கோர்ட்டுகளில் இப்படிப்பட்ட வழக்குகள் ஏராளமாக வந்துவிட்டன. ஆகவே இதை வக்கீல்களின் விவகாரம் என்று உழைப்பாளி மக்கள் ஒதுக்கிவிட முடியாது.

உலக நாடுகளின் சட்ட நிபுணர்கள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 'வழக்கமான வசிப்பிடம்' என்று அதற்குப் பெயர். குழந்தை எந்த நாட்டுப் பிரஜை, எங்கே பிறந்தது என்பது முக்கியமல்ல. அதன் அன்றாட வாழ்வு எங்கே வேரூன்றியிருந்தது என்பதே முக்கியம். அந்த நாட்டுக் கோர்ட்டுதான் விசாரிக்க வேண்டும். 1980 அக்டோபர் 25-ல் ஏற்பட்ட ஹேக் ஒப்பந்தத்தின் அஸ்திவாரம் இதுவே. 16 வயது நிறையாத குழந்தையை ஒருவர் மற்றவர் சம்மதமின்றி வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால், முதலில் திருப்பி அனுப்ப வேண்டும். யாரிடம் வளர்வது என்ற வழக்கு பிறகு அங்கே நடக்கும். கடுமையான ஆபத்து உண்டென்று நிரூபித்தால் விலக்கு உண்டு. அந்த வாசல் மிகக் குறுகலானது. இலங்கை 2001-ல் இதில் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை.

இந்த அளவுகோலே கெட்டது என்று நாம் சொல்லவில்லை. 1984-ல் சுப்ரீம் கோர்ட்டு முன் ஒரு வழக்கு வந்தது. இங்கிலாந்தில் மனைவியைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்ய முயன்று தண்டிக்கப்பட்ட கணவர், தம் மகனை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். வழக்கோடு நெருங்கிய தொடர்புள்ள நாடு இங்கிலாந்தே என்று கூறி, பையனைத் தாயிடம் ஒப்படைத்தது கோர்ட்டு. 1991-ல் இன்னொரு வழக்கு. திருப்பதியில் கலியாணம் செய்தவர், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 90 நாள் குடியிருந்ததாகக் காட்டி, அங்கே விவாகரத்து வாங்கிக்கொண்டார். சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்க மறுத்தது. விவாகரத்துக்காகத் தற்காலிகமாகத் தங்குவது வசிப்பிடம் ஆகாது, வழக்கமான வசிப்பிடமாக இருக்க வேண்டும் என்றது. இரண்டு வழக்கிலும் அநீதி இழைக்கப்பட்ட பெண்ணுக்குத் துணை நின்றது இந்த அளவுகோல்தான்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2012 ஆகஸ்டில் ஒரு தாய் தம் இரு பெண் குழந்தைகளுடன் இங்கிலாந்திலிருந்து கோவைக்கு வந்தார். அங்கே விவாகரத்து மனுப் போட்டார். கணவர் இங்கிலாந்துக் கோர்ட்டுக்குப் போனார். குழந்தைகளைத் தன் பாதுகாப்பில் எடுத்து, திருப்பி அனுப்ப உத்தரவிட்டது அந்தக் கோர்ட்டு. சென்னை ஹைகோர்ட்டு 2013-ல் கணவரின் மனுவைத் தள்ளியது. 2015 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றி, தாயும் குழந்தைகளும் இங்கிலாந்து சென்று அங்குள்ள வழக்கில் கலந்துகொள்ள வேண்டும் என்றது. முதலில் பலனுள்ள உத்தரவு போட்ட கோர்ட்டுக்கே முன்னுரிமை என்பது அதன் வாதம்.

2017 ஜூலையில் மூன்று நீதிபதிகள் அந்த வாதத்தை நிராகரித்தார்கள். குழந்தையின் நலமே தலையாயது, அந்நியக் கோர்ட்டின் உத்தரவு கவனிக்க வேண்டிய அம்சங்களில் ஒன்று மட்டுமே என்றார்கள். அத்துடன் முடிந்ததா? 2019-லும் 2022-லும் அதே நலத்தின் பெயரால் குழந்தைகளை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பும் தீர்ப்புகள் வந்தன. ஆக, சமயநல்லூர்த் தகப்பனார் தம் மகளுக்கு என்ன பதில் சொல்வார்? அவர் கையிலிருப்பது வெள்ளைக்காரன் 1890-ல் போட்ட கார்டியன் சட்டம். மைனர் 'சாதாரணமாக வசிக்கும்' இடத்துக் கோர்ட்டுக்குப் போ என்கிறது அது. எது சாதாரணம் என்று வழக்குக்கு வழக்கு சண்டை!

நாம் கேட்பது இதுதான்: வசிப்பிடத்தைத் தேர்ந்தெடுத்தவர் யார்? கணவனின் வேலை விசாவோடு ஒட்டிய துணை விசாவில் போனவள் அவள். விவாகரத்தானால் அந்த விசாவும் போய்விடும். சம்பளம் அவன் கையில். வீட்டு வாடகைச் சீட்டு அவன் பெயரில். அவன் அனுமதிக்கும் வரை மட்டுமே இருக்கக்கூடிய நாட்டை அவளுடைய வீடு என்று சட்டம் சொல்கிறது! ஊரைத் தீர்மானித்தது முதலாளியின் தேவையும் கணவனின் உத்தியோகமும். அதன் பலனை அனுபவிப்பது தாயும் பிள்ளையும். அங்கே வக்கீல் வைக்க மில் கூலியில் முடியுமா?

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் இத்தாலியிலிருந்து கைக்குழந்தையோடு வந்த ஒரு தாயின் வழக்கை விசாரித்தது. வசிப்பிடத்தை முடிவு செய்ய ஒரே சூத்திரம் கிடையாது, சகல சூழ்நிலைகளையும் பார்க்க வேண்டும் என்றது. ஆயினும் குழந்தையை இத்தாலிக்கு அனுப்பியதே சரி என்று முடித்தது. கணவன் கொடுமைப்படுத்தினான் என்று அந்தத் தாய் முறையிட்டிருந்தும் இந்தக் கதி!

நம் நாட்டுச் சட்டத்திலேயே நல்ல வழி இருக்கிறது. இந்து விவாகச் சட்டத்தில் 2003-ல் வந்த திருத்தம், மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்றது. குடும்ப வன்முறையைத் தடுக்கும் 2005-ம் வருஷச் சட்டம், அவள் தற்காலிகமாகத் தங்கும் இடத்து மாஜிஸ்திரேட்டுக்கும் அதிகாரம் தந்தது. கொடுமைக்கு ஆளானவள் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2019-ல் தீர்ப்பளித்தது. அடிபட்டவள் ஓடித் தஞ்சம் புகுந்த இடமும் அவள் இடமே என்ற இந்த நியாயம் மாதர் இயக்கத்தின் நெடிய போராட்டத்தில் விளைந்தது. விமானம் ஏறிப் போய்த் திரும்பியவளுக்கு மட்டும் இது ஏன் இல்லை?

அப்படியானால் யார் வேண்டுமானாலும் குழந்தையைத் தூக்கி வரலாமா? கூடாது. குழந்தைக்குத் தகப்பனும் வேண்டும், பள்ளிக்கூடமும் சிநேகிதர்களும் வேண்டும். பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, தாயைத் திரும்பி வரவிடாமல் தடுக்கும் தகப்பன்களும் உண்டு. ஆகவேதான் தெளிவான சட்டம் வேண்டும் என்கிறோம்.

சட்டக் கமிஷன் 2009-லும் 2016-லும் அறிக்கை கொடுத்தது. நீதிபதி பிந்தல் கமிட்டி 2018-ல் அறிக்கை தந்தது. ஒப்பந்தத்தில் சேரும்படி அமெரிக்கா இந்தியாவை வற்புறுத்துகிறது. குழந்தைகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. ஒப்பந்தத்தை ஊர்ஜிதம் செய்யாத அமெரிக்காதான் இந்த உபதேசம் செய்கிறது! அந்த நிர்ப்பந்தத்துக்கு இணங்கிக் கையெழுத்துப் போடுவதும் தவறு. அறிக்கைகளை அலமாரியில் பூட்டி வைப்பதும் தவறு.

நமது கோரிக்கைகள் இவை. வசிப்பிடத்தை முடிவு செய்யும்போது தாய்க்கு அங்கே சுயமாக வாழும் உரிமை இருந்ததா என்று பார்க்க வேண்டும். கொடுமைக்கு ஆதாரம் இருந்தால் திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பியே தீர வேண்டுமானால் தாய்க்கு விசாவும், பயணச் செலவும், குடியிருக்க இடமும், வக்கீல் செலவும் முன்னதாகவே உறுதியாக வேண்டும். 2015 தீர்ப்பிலேயே கணவர் தலையில் இந்தச் செலவுகளைக் கோர்ட்டு சுமத்தியது. 1987-ம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. தூதரகங்கள் மூலம் அது கடலைத் தாண்டவும் வேண்டும். எந்த ஒப்பந்தமானாலும் பார்லிமெண்டில் விவாதித்த பிறகே கையெழுத்து.

மாதர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஜனநாயக எண்ணம் கொண்ட வக்கீல்களும் இந்தக் கோரிக்கைகளைக் கையில் எடுக்க வேண்டும். சமயநல்லூரில் வந்து இறங்கிய தாயும் பிள்ளையும், எந்தக் கோர்ட்டு விசாரித்தாலும், பயமின்றி உள்ளே போய்த் தங்கள் நியாயத்தைச் சொல்ல முடிய வேண்டும். அதற்கு வழி செய்யும் சட்டத்தைத்தான் மத்திய சர்க்காரிடம் கேட்கிறோம்.