24 மணி நேரம் யாருக்கு?

தெருவில் கிரிக்கெட் ஆடும் பொடியன்களுக்குத் தெரிந்தது, மொபைலில் சாம்ராஜ்யம் கட்டுகிறவர்களுக்குத் தெரியவில்லை. பந்து பக்கத்து வீட்டுக்குள் விழுந்தால் அவுட், அடித்தவனே போய் எடுத்து வர வேண்டும்... எல்லாம் முதல் பந்துக்கு முன்பே பேசி முடித்துவிடுவார்கள். அன்சிவ், பாலிடோபியா போல முறை வைத்து ஆடும் வியூக விளையாட்டுக்கு ஆறு பேர் சேர்ந்தால் மட்டும், "மொதல்ல ஸ்டார்ட் பண்ணு, அப்புறம் பாத்துக்கலாம்" என்பதுதான் ஒரே ரூல்!

அப்புறம் என்ன ஆகும்? திருப்பூரைப் பார்த்தால் போதும்.

பன்னிரண்டாவது வரை ஆறு பேரும் ஒரே பெஞ்சு. பிறகு நாலு பேர் கல்லூரிக்கு, இரண்டு பேர் பனியன் கம்பெனிக்கு. கம்பெனிக்குப் போகிறவனுக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவான். ஷிப்மெண்ட் நெருங்கினால் விடிய விடிய வேலை. ஒரு முறைக்கு 24 மணி நேரம் என்று வைத்தால் இரண்டு நாள் சமாளிப்பான், மூன்றாம் நாள் தூங்கிவிடுவான். உடனே குரூப்பில் "தூக்குடா அவனை".

"எல்லாருக்கும் அதே 24 மணி நேரம்தானே?" என்று கேட்கிறார்கள். கடிகாரம் ஒன்றுதான். கையில் மிஞ்சும் நேரம் ஒன்றா?

அந்த 24-ஐ யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆட்டத்தை உருவாக்கியவன் கண்ணில் பட்டதை அழுத்தினான், அவ்வளவுதான். வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புரிய வேண்டும். பார்ட்னர்கள் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி லாபம் சரிபங்குதான். யார் எவ்வளவு உழைத்தார், எவ்வளவு முதல் போட்டார் என்று சட்டம் கேட்காது. நாம் பேசாத இடத்தில் வேறு யாரோ எழுதிய விதி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வழி இல்லாமல் இல்லை. 1951-ல் தொடங்கிய சர்வதேச அஞ்சல் சதுரங்கக் கூட்டமைப்பின் போட்டிகளில் 10 நகர்த்தல்களுக்கு 50 நாள் என்பது வெகுகாலமாகப் பழக்கம். ஒன்றை ஒரே நாளில் ஆடலாம், இன்னொன்றுக்குப் பத்து நாள் எடுக்கலாம். நாள் கணக்கு இல்லை, மொத்தக் கணக்கு. 1963 முதல் தபாலில் ஆடப்பட்ட 'டிப்ளமசி'யிலோ, உத்தரவு வந்து சேராவிட்டால் படைகள் இருந்த இடத்திலேயே நிற்கும். தண்டனை என்ன என்பது முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும்.

"விளையாட்டுக்குப் போய் இவ்வளவு ரூல்ஸா? ஜாலியே போயிடும்" என்பது அடுத்த வாதம். ஜாலி போவது விதியால் அல்ல, பாதியில் மாற்றப்படும் விதியால். 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. கூலியை இத்தனை ஆண்டுக்கு இவ்வளவு என்று முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் பேசிக் கையெழுத்துப் போடும் ஊரும் இதுவே. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நாலு வரி எழுதி வைப்பதா கஷ்டம்?

அந்த நாலு வரி இதுதான்: ஆளுக்கு மொத்த நேரம், மிச்சமானது அவன் கணக்கில். ஷிப்மெண்ட், பரீட்சை, ஊர்த் திருவிழா என்று முன்பே சொன்னால் ஆட்டம் நிற்கும். சொல்லாமல் நேரம் தீர்ந்தால் அந்த முறை மட்டும் போகும், ஆள் போகக் கூடாது. ஆறு பேரும் ஒப்பாமல் நடுவில் எதையும் மாற்றக் கூடாது.

ஆட்டம் மெதுவாகும், உண்மைதான். இருபது நாளில் முடிவது இரண்டு மாதம் இழுக்கும். இழுக்கட்டுமே! ஒரே பெஞ்சில் இருந்த ஆறு பேரும் இன்னமும் சேர்ந்திருக்கும் இடம் அந்த ஆட்டம் ஒன்றுதான். கம்பெனிக்குப் போகிற இருவரை நேரம் தவறியதற்காக வெளியே தள்ளிவிட்டு, மிச்சம் நாலு பேர் ஜெயிக்கப் போவது யாரை?