மோட்டார் சுற்றியதா? கண்ணால் பார்க்க வேண்டும்!

கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தால் போதும், சொன்னதைச் செய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு சின்னஞ்சிறு மோட்டார் போதும்!

சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதன் பெயர் "ராஸ்பெர்ரி பை". பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகுவதற்காக, இங்கிலாந்து நாட்டில் கேம்பிரிட்ஜ் நகரில் உருவானது. 2012-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. "பைத்தான்" என்ற எளிய கம்ப்யூட்டர் மொழியில் அதற்குக் கட்டளை எழுதலாம்.

படிப்படியாகத் திரும்பும்

மின்விசிறியின் மோட்டார், சுவிட்சைப் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். "ஸ்டெப்பர் மோட்டார்" அப்படி அல்ல. ஒரு மின்துடிப்பு வந்தால் ஒரு படி மட்டும் திரும்பும். பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையில் 200 படிகள் சேர்ந்தால் ஒரு முழுச் சுற்று. புரோகிராமில் 50 என்று எழுதினால் கால் சுற்று!

இந்த மோட்டாரைக் கம்ப்யூட்டருடன் நேராக இணைக்கக் கூடாது. மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தைக் கம்ப்யூட்டரின் முனைகள் தாங்காது, கெட்டுவிடும். நடுவில் "டிரைவர்" என்ற சிறு பலகை வேண்டும்.

கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை

துடிப்புகளை மிக வேகமாக அனுப்பினால் என்ன ஆகும்? மோட்டார் ஈடுகொடுக்க முடியாமல் நடுங்கும், திரும்பாது. கம்ப்யூட்டரோ, "200 படிகள் முடிந்தன" என்று திரையில் காட்டும்!

அது பொய் சொல்கிறதா? இல்லை. அனுப்பியது அதற்குத் தெரியும், நடந்தது தெரியாது. துடிப்புகளுக்கு நடுவே சிறிது நேரம் காத்திருக்கும்படி ஒரு வரி எழுதினால், மோட்டார் ஒழுங்காகத் திரும்பும். திரும்பியதா என்று கம்ப்யூட்டரே அறிய வேண்டுமானால், அதற்குத் தனியாக ஒரு கருவி பொருத்த வேண்டும்.

திரையை மட்டும் பார்த்துப் படிக்கும் பிள்ளை இதை எப்படி அறியும்? புரோகிராமை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடலாம். மோட்டாரிடம் மனப்பாடம் பலிக்காது!

ஆஸ்பத்திரிகளில் மருந்தைச் சிறுகச் சிறுக உடலில் செலுத்தும் கருவிகளிலும் ஸ்டெப்பர் மோட்டார் உண்டு. அங்கே "அனுப்பிவிட்டேன்" என்ற பதில் போதுமா? மருந்து உடலுக்குள் போனதா என்று பார்க்க வேண்டாமா? அத்தகைய கருவிகளை நாளை செய்யப்போகிறவர்கள் இன்றைய பிள்ளைகளே.

"செலவாகுமே" என்று பள்ளிக்கூடங்கள் தயங்கலாம். ஆளுக்கொன்று தேவை இல்லை. வகுப்புக்கு ஒன்று இருந்தாலும் முறை வைத்துப் பழகலாம்.

கட்டளை இடக் கற்பது பாதிப் படிப்பு. அது நிறைவேறியதா என்று பார்க்கக் கற்றால்தான் படிப்பு முழுமை பெறும்!