பிந்தி வந்தோருக்குக் கதவடைப்பா?

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோர் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் பெண்களும் உண்டு. ஊதுபத்தி உருட்டியும் பீடி சுற்றியும் குடும்பத்தைத் தாங்கிய ஒரு பெண் முப்பது வயதில் மீண்டும் புத்தகத்தை எடுக்கிறாள்; ஆசிரியையாக வேண்டும் என்கிறாள். அவளுக்கு இந்த அரசமைப்பு தரும் விடை என்ன? மைசூருவின் அனுபவம் இக்கேள்விக்குக் கசப்பான பதிலைத் தருகிறது.

முதியோர் கல்வி அந்நகருக்குப் புதிதன்று. 1940களிலேயே அங்கு எழுத்தறிவு இயக்கம் வேர்விட்டது. 1969இல் மைசூர் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அந்த அடித்தளத்தின் மீதே 1996இல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. வேலைக்குச் செல்வோரும் இல்லத்தரசிகளும் கிராமப்புற இளைஞர்களும் அதன் வாசலில் நம்பிக்கையோடு நின்றனர்.

2015 ஜூன் மாதம் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2012-13ஆம் கல்வியாண்டுக்குப் பின் அப்பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இல்லை என்றது. மாநில எல்லைக்கு அப்பாலும் தனியார் நிறுவனங்களின் கூட்டிலும் படிப்புகளை நடத்தியதே குற்றச்சாட்டு. கல்வியைக் கிளைக் கடை வணிகமாக்கியது குற்றமே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தண்டனை யாருக்கு விழுந்தது? கட்டணம் கட்டி, இரவெல்லாம் படித்துத் தேர்வெழுதிய மாணவர்களுக்கு! அறிவிப்பு வருமுன்பே சேர்ந்துவிட்டவர்களின் பட்டம் பின்தேதியிட்டுச் செல்லாக்காசாயிற்று. 2018இல் அங்கீகாரம் மீண்டும் கிடைத்தபோதும் அது 2018-19 முதலான சேர்க்கைக்கே பொருந்தியது.

இது ஒரு நகரின் விபத்தன்று. நம் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15க்குப் பின் அங்கீகாரம் இல்லை என்று அதே மானியக் குழு 2022இல் அறிவித்தது. சேர்க்கை நடந்த ஆண்டுகளில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அமைப்பு, பட்டம் கையில் வந்தபின் விழித்துக்கொள்வதற்குப் பெயர் ஒழுங்காற்றா? நிதியைக் குறைத்து, கட்டண வருவாயைக் கொண்டே வாழுமாறு பொதுப் பல்கலைக்கழகங்களைத் தள்ளிவிட்ட நவதாராளமயக் கொள்கையே இந்த வணிகத்தின் தாய்.

பட்டம் தப்பிப் பிழைத்தாலும் ஆசிரியப் பணிக்கான பாதை குறுகலானது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014 விதிமுறைகளின்படி, தொலைநிலையில் பி.எட். படிக்க வேண்டுமானால் பயிற்சி பெற்றுப் பணியிலுள்ள தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருக்க வேண்டும்; அல்லது நேரடி ஆசிரியர் பயிற்சியை முன்பே முடித்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு எஞ்சுவது இரண்டாண்டு முழுநேரப் படிப்பு. அன்றாடக் கூலியை விட்டுவிட்டு எந்தத் தாய் அதில் சேர்வாள்? தரத்தைக் காப்பதற்கே இந்தக் கட்டுப்பாடு என்பார்கள். தரம் வேண்டும்தான். அதற்கு வழி, அரசு செலவில் மாலை நேரக் கல்லூரி, உதவித்தொகை, பள்ளிகளில் கண்காணிப்புடன் கூடிய கற்பித்தல் பயிற்சி ஆகியவை. கதவை மூடுவது தரமாகாது.

எழுத்தறிவுப் பணியாளருக்கு நேர்ந்ததும் இதுவே. 2009இல் தொடங்கிய சாக்ஷர் பாரத் திட்டத்தில் ஊராட்சி மையங்களின் பிரேரக்குகளுக்கு மாதம் 2,000 ரூபாய் மட்டுமே தரப்பட்டது. 2018 மார்ச்சில் திட்டம் முடிந்தது. அந்த அற்ப ஊதியமும் போயிற்று. இன்றைய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திற்கு 2022 முதல் 2027 வரை 1,037.90 கோடி ரூபாய் ஒதுக்கீடு. இலக்கு 5 கோடிப் பேர். தலைக்கு ஏறத்தாழ 207 ரூபாய்! கற்பிப்போர் ஊதியமற்ற தன்னார்வலர்கள். கடமையுணர்வு என்ற பெயரில் உழைப்பைச் சுரண்டுவதற்கு ஒன்றிய அரசு சூட்டும் மகுடம் இது.

ஆறு முதல் பதினான்கு வயதுக்கு மட்டுமே கல்வியை அடிப்படை உரிமையாக்கியது அரசியலமைப்பின் 21ஏ பிரிவு. அந்த வயதில் வறுமையால் இழந்ததைப் பிற்காலத்தில் கேட்கும் உரிமை எங்கே? அதைப் போராடித்தான் பெற வேண்டும்.

நிர்வாகத் தவறுக்காக மாணவரின் பட்டம் பறிக்கப்படக் கூடாது. ஏற்கெனவே பாதிக்கப்பட்டோருக்கு அரசு செலவில் மறுதேர்வும் பட்டமும் வேண்டும். பணியில் இல்லாத உழைக்கும் பெண்களுக்கும் ஆசிரியர் பயிற்சி எட்ட வேண்டும். எழுத்தறிவுப் பணியாளருக்குக் குறைந்தபட்ச ஊதியம் வேண்டும். இக்கோரிக்கைகளை மாணவர், ஆசிரியர், மாதர் சங்கங்களோடு இணைந்து ஊர்தோறும் கொண்டுசெல்வது தோழர்களின் கடமை.