பங்காளிகளும் பங்கேற்பாளர்களும்

காரைக்கால் மாவட்டம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும் ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர்தான். இந்தச் சிறு நிலத்துக்குள் புதுவைப் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று, 2010இல் தொடங்கப்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகம், 2016இல் வந்த ஜிப்மர் கிளை, வேளாண் கல்லூரி, அரசு கலைக் கல்லூரிகள் என்று உயர்கல்வி அடர்ந்து கிடக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு வளாகம் வரும்போது அதனுடன் வாடகை அறைகள் வருகின்றன, மெஸ் வருகிறது, ஜெராக்ஸ் கடை வருகிறது, கடைசியாக மனைப்பிரிவு வருகிறது. தலத்தெருவைப் போன்ற ஊர்களில் சிவலோகநாதர் கோயிலை நோக்கிப் போகும் பழைய தெருக்களும் வயல்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. வயலை மண்ணடித்து மேடாக்கி மனையாக்கினால் பழைய தெரு பள்ளமாகிவிடுகிறது. புதிய வீடுகளில் மாணவர்கள் பாடம் படிக்கிறார்கள். பழைய வீடுகளில் ஐப்பசி மழைத் தண்ணீர் அடுப்பங்கரைக்கு வந்து நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், வளாகத்தை ஒட்டிய குடியிருப்புகளின் மேம்பாடு குறித்த 'மக்கள் பங்கேற்புக் கூட்டம்' ஒன்றுக்கு நாமும் சென்றிருந்தோம். நடத்தியவர்களின் பெயர் இங்கு தேவையில்லை. திரையில் வரைபடம் ஒளிர்ந்தது. அதிலிருந்த எழுத்துகள் அனைத்தும் ஆங்கிலம். மரங்கள் பச்சை வட்டங்களாகவும் மனிதர்கள் நிழலுருவங்களாகவும் இருந்தார்கள். 'நிலைத்த வளர்ச்சி' என்ற சொல் எத்தனை முறை உச்சரிக்கப்பட்டது என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டோம். கடைசி வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, "சார், இந்தத் தண்ணியெல்லாம் எந்தப் பக்கம் வடியும்?" என்று கேட்டார். வரைபடத்தில் சாலை இருந்தது, பூங்கா இருந்தது, வடிகால் வாய்க்கால் மட்டும் இல்லை. "நோட் பண்ணிக்கிறோம்மா" என்றார் பொறியாளர். பிறகு வருகைப்பதிவேடு சுற்றி வந்தது. தேநீரும் போண்டாவும் வந்தன. அந்த அம்மாவும் கையெழுத்திட்டார். அன்று முதல் அவர் ஒரு 'பங்கேற்பாளர்'.

தமிழில் 'பங்கு' என்ற சொல்லுக்குள் உரிமை இருக்கிறது. பங்காளி என்பவன் சண்டைக்கு வருவான், வழக்குப் போடுவான், அவனைக் கேட்காமல் வரப்பை ஓரடி நகர்த்த முடியாது. அந்தச் சொல்லிலிருந்து நிர்வாக மொழி செய்தெடுத்த 'பங்கேற்பாளர்' என்பவருக்கோ இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. வந்து அமர்ந்து எழுந்து போவார். 1969இல் அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக விவரித்தார். கீழிரண்டு படிகளை அவர் பங்கேற்பென்றே ஏற்கவில்லை. தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது ஆகிய நடுப்படிகளும் வெறும் பெயரளவுச் சடங்குதான் என்பது அவர் கணிப்பு. நமது கூட்டம் இந்த நடுப்படிகளைத் தாண்டவில்லை.

இவ்விடத்தில் சிலர் குடிமராமத்தை நினைவூட்டுவார்கள். ஊரே கூடி வாய்க்கால் வெட்டிய பொற்காலம் நமக்கு இருந்ததே என்பார்கள். அந்தப் பொற்காலத்தின் மீது நமக்கு அத்தனை நம்பிக்கை இல்லை. சென்னை மாகாணத்தில் 1858இல் இதற்காக இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். (அப்போது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அந்தச் சட்டம் இங்கு செல்லாது, அதற்காக இங்கே சேறு அள்ளியவர்கள் வேறு சாதியினர் என்று எண்ணிவிட வேண்டாம்.) மண்வெட்டி பிடித்தவர்களும், மதகை எப்போது திறப்பது என்று முடிவு செய்தவர்களும் ஒரே ஆட்களாக இருந்ததில்லை. 2019இல் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது மாவட்ட நிர்வாகம் 'நம் நீர்' என்ற பெயரில் மக்களையும் நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட நீர்நிலைகளைத் தூர்வாரியது. மனதாரப் பாராட்ட வேண்டிய செயல். எனினும் அது ஒரு நல்ல ஆட்சியரின் முனைப்பிலிருந்து பிறந்தது. ஆட்சியர்கள் மாறுதலாகிப் போகிறவர்கள்.

மாறாமல் இருக்க வேண்டியது உள்ளாட்சி. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 38 ஆண்டுகள் கழித்து 2006இல். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நீதிமன்ற வழக்குகளில் சிக்கி நின்றுபோனது. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்வதற்கே ஓர் உறுப்பினர் இல்லாத ஊரில், குடியிருப்பை மக்களே வடிவமைக்கட்டும் என்று பேசுவது நம்மைப் போன்ற கருத்தரங்க வாசிகளுக்கு மட்டுமே இயலும் வேடிக்கை. காரைக்காலுக்கென்று நகரமைப்புக் குழுமம் இருக்கிறது, 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அந்தக் குழுமத்தின் மேசைக்கு எதிரே ஊரின் சார்பாக உரிமையோடு அமரும் நாற்காலி காலியாக இருக்கிறது.

அப்படியானால் பல்கலைக்கழகம் என்ன செய்யலாம்? ஓரிகன் பல்கலைக்கழகத்தின் அனுபவத்தை கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டர் 1975இல் 'ஓரிகன் பரிசோதனை' என்ற நூலாக எழுதினார். பெருந்திட்ட வரைபடமே வேண்டாம். எதைக் கட்டுவது, எங்கே கட்டுவது என்பதைப் பயன்படுத்துவோர் தீர்மானிக்கட்டும். சிறிது சிறிதாகக் கட்டலாம். கட்டியதில் எது நோயுற்றிருக்கிறது என்று ஆண்டுதோறும் பார்க்கலாம் என்பவை அவர் முன்வைத்தவற்றுள் சில. மாணவர்கள் சில ஆண்டுகளில் போய்விடுகிறவர்கள்தானே என்ற தடைக்கும் அவரிடம் விடை இருந்தது: அடுத்து வருகிறவர்களும் இவர்களைப் போன்ற பயனாளர்களே, ஆகவே இவர்களின் முடிவு வெளியாளின் முடிவைவிட அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் ஓரிகனில் பேசப்பட்டது வளாகத்தின் உள்ளிருப்பவர்களைப் பற்றி. சுற்றுச்சுவருக்கு வெளியே வாழ்பவரும் அந்த வளாகத்தின் பயனாளர்தான், சில நேரங்களில் அதனால் பாதிக்கப்படுபவர் என்பதையும் சேர்த்துக்கொண்டால்தான் அது நம் ஊருக்குப் பொருந்தும். ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகைக் கடற்கரையின் பல ஊர்களில் மரங்களை அகற்றிவிட்டு வரிசை வரிசையாக எழுப்பிய ஒரேமாதிரி கான்கிரீட் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு, கேட்காமல் கட்டுவதன் விலை தெரியும்.

இங்கிருந்து வடக்கே, அதே கடலோரத்தில்தான் புகார் இருந்தது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை அந்நகரை நீள அகலங்களால் வரைவதில்லை. மீன் விற்பவர், உப்பு விற்பவர், நெசவாளர், கொல்லர், தச்சர் என்று யார் எந்தப் பகுதியில் இருக்கிறார்கள் என்பதையே சொல்லிக்கொண்டு போகிறது. தமிழ்த்துறை மாணவர்கள் அந்தக் காதையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பக்கத்துத் தெருக்களுக்கு அனுப்பி, எந்த வீட்டில் எந்த மழைக்கு எத்தனை அடித் தண்ணீர் ஏறியது, எந்த வாய்க்கால் எந்த மனைக்குள் மறைந்தது என்று தமிழில் ஒரு வரைபடம் தயாரிக்கச் சொல்லலாம். அடுத்த கூட்டத்தில் திரையில் அதுதான் முதலில் ஒளிர வேண்டும். அந்தக் கூட்டத்தைக் குளிரூட்டப்பட்ட அரங்கில், சித்திரையில் வைக்க வேண்டாம். ஐப்பசியில், முழங்கால் தண்ணீரில், கடைசி வரிசை அம்மாவின் வீட்டு வாசலில் வைக்கட்டும்.