உள்ளூர் ஆறு விலைபோகவில்லை

கோடை லீவு விட்டதும் நல்லூர், வேப்பூர், விருத்தாசலம் வட்டாரத்தில் நாம் போடும் முதல் கணக்கு ஊட்டியா, கொடைக்கானலா என்பதுதான். அங்கே கூட்டம் தாங்காமல் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. வரிசையில் நாமும் சேர்ந்துகொண்டோமே தவிர, மேற்கே கிடக்கும் கல்வராயன் மலை ஞாபகத்துக்கு வரவில்லை.

மலை, கோயிலூர், கடல் மூன்றையும் ஓர் ஆறே நமக்குக் கோத்துக் கொடுத்திருக்கிறது. கல்வராயனில் பிறக்கும் மணிமுத்தாறு, நல்லூரில் கோமுகியைச் சேர்த்துக்கொண்டு, விருத்தாசலம் வழியாகக் கூடலையாற்றூர் போய் வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்கள். ஆற்றையும் அப்படித்தான் நடத்தினோம்.

மலையைச் சாராய ஊறல் அழிப்புச் செய்தியில் மட்டும் பார்த்தோம். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குப் பள்ளிக்கூடம் எட்டுகிறதா, ஆஸ்பத்திரி எட்டுகிறதா என்று கேட்டதில்லை. மாசி மகத்தன்று ஆற்றங்கரையில் தர்ப்பணம் கொடுத்துக் கும்பிட்டோம். திருவிழா முடிந்ததும் அதே ஆற்றில் கோழிக்கழிவு மூட்டை விழுந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடந்தோம். மணல் போனதையும் சீமைக் கருவேலம் மண்டியதையும் வேடிக்கை பார்த்தோம்.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, ஓரத்தில் மண் ஏடு படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே ஒரு பொம்மை நிற்கிறது. சூளைக்குப் போகுமுன் அதன் தையல் தடத்தை ஈரப் பஞ்சால் துடைத்தெடுக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. வீட்டுக்கு வந்த விருந்தாளியை ஒருநாளாவது அங்கே கூட்டிப்போயிருக்கிறோமா? நம் பிள்ளைகளுக்கே காட்டவில்லை.

கடலோரத்திலும் இதே கதைதான். 1781-இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் மோதிய களம் பரங்கிப்பேட்டை. 1830-களில் இரும்பாலை இருந்த ஊரும் அதுவே. நாமோ அதை பஸ் போர்டில் படித்ததோடு சரி. பக்கத்துப் பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடு 2004 சுனாமியில் பின்னாலிருந்த கிராமங்களுக்கு அரணாக நின்றது. அங்கே படகு ஏறிய நாம் போட்டோ எடுத்தோம்; தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டு வந்தோம்.

அதற்காக அடுத்த லீவுக்கு எல்லோரும் கல்வராயனுக்குக் கிளம்புவது பரிகாரம் ஆகாது. ஊட்டிக்குச் செய்ததை அதற்கும் செய்துவிடுவோம். மலைக்காரர்களைக் கேட்டுப் போவதும், கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவருவதும் பழகாதவரை நமக்கு எந்த மலையும் தகாது.

ஆற்றில் கழிவு கொட்டுவதை நிறுத்தத் தீர்மானம் போட கிராம சபை இருக்கிறது. அது கூடும் நாட்களில் மே 1-ம் ஒன்று. அன்று லீவு என்பதால் நம்மில் பலர் ஊரிலேயே இருப்பதில்லை. வரும் மே 1 அன்று சபையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் பஸ் ஏறலாம்.